ஒரு வினைச்சொல்லும் 1977 வெள்ளமும்



நெதர்லாந்தில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் போனில் கேட்டான்: "ஐயா, டச்சு மொழியில் 'ஒண்டர்லோப்பன்' என்று ஒரு வினை இருக்கு. வெள்ளத்தில் நிலம் தண்ணிக்கு அடியில் போயிடறதைச் சொல்றது. எழுவாய் ஆறு இல்லை, நிலம். தமிழில் அப்படி உண்டா?"

திருச்சிக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது! நமக்கு ஆறு பெருகினால் மங்கலம். ஆடி 18-இல் அம்மா மண்டபத்தில் சித்திரான்னமும் மஞ்சள் சரடுமாக அந்தப் பெருக்கைத்தானே கொண்டாடுகிறோம். பெருகியது கரை புரண்டால் பயம். உடைப்பெடுத்தால் அழிவு.

முக்கொம்பில் காவேரி இரண்டாகப் பிரிகிறது. வெள்ளத்தைக் கொள்ளும் இடம் என்பதால் வடக்குக் கிளைக்குக் கொள்ளிடம் என்று பெயர் என்பார்கள். நடுவில் தீவாக ஸ்ரீரங்கம். கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்து, காவேரியில் மணல் மேடிட்டு, தஞ்சாவூருக்குப் போகவேண்டிய தண்ணீர் வடக்கே ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தடுக்கத்தான் 1836-இல் ஆர்தர் காட்டன் அங்கே மேலணை கட்டத் தொடங்கினார். 2018 ஆகஸ்ட் 22 இரவு அதில் 9 மதகுகள் போயின. 'மதகு உடைந்தது' என்றால் தன்வினை, பழி மதகின் மேல். 'வெள்ளம் மதகை உடைத்தது' என்றால் பிறவினை, பழி ஆற்றின் மேல். பராமரித்தவர்கள் இரண்டு வாக்கியத்திலும் இல்லை, கவனித்தீர்களா?

அவன் கேட்ட சொல்லுக்கு வருகிறேன். நம்மிடம் 'முழுகுதல்' இருக்கிறது. ஊர் முழுகியது, வயல் முழுகியது. எழுவாய் நிலமேதான். புண்ணியத்துக்குக் காவேரியில் முழுகுவதும் இதே சொல்தான்.

1977 நவம்பர் புயலில் கோரையாறும் குடமுருட்டியும் காவேரியோடு சேர்ந்துகொண்டு திருச்சி நகருக்குள் புகுந்தன. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பள்ளி திறந்ததும் வெள்ளம் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னேன். உறையூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் ஒரே வரிதான் எழுதியிருந்தான்: "எங்க வீடு முழுகிப்போச்சு."

பேச்சு வழக்கு என்று சிவப்பு மையால் அடித்துவிட்டு, 'எங்கள் வீடு வெள்ளத்தால் பாதிக்கப்பட்டது' என்று மேலே எழுதிக் கொடுத்தேன். பத்துக்கு நாலு மதிப்பெண். வீட்டில் என்ன மிஞ்சியது என்று கேட்கவில்லை.

அவன் இதைப் படித்தால், அந்த நோட்டு இன்னும் இருந்தால், என் வரியை அடித்துவிடட்டும். முடிந்தால் எனக்கு ஒரு போன் பண்ணட்டும்.