கொண்டை வலைக்கு ஓர் அரபுப் பெயர்

கூந்தலை அடக்கி வைக்கும் கொண்டை வலை இன்று நேற்றுத் தோன்றியதன்று. டென்மார்க் நாட்டில் 3,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட புதைகுழிகளில் பெண்களின் தலைவலைகள் கிடைத்துள்ளன. உரோமச் சீமாட்டிகள் பொன்னிழையாலும் அதனைப் பின்னுவித்தனர். அவை நிற்க. ஈண்டு நாம் காணப்புகுவது அந்தலூஸ் மாதரின் தலையணி பற்றியே.

ஸ்பானிய அகராதியில் ‘அல்பனேகா’ என்றொரு சொல் உண்டு. கூந்தலைச் சேர்த்து வைக்கும் வலை அல்லது குல்லாய் என்பது அதன் பொருள். அரபு ஓதியவர் செவிக்கு அதன் பிறப்பு உடனே புலப்படும். ‘அல்பனீக்கா’ என்பதே அது. பண்டை அரபு அகராதிகள் பனீக்கா என்பதைச் சட்டையோடு சேர்த்துத் தைக்கும் துண்டுத்துணி என்கின்றன. கழுத்துப்பட்டி என்பாரும் உளர். ஓதிக்கொடுத்த நாளெல்லாம் நானும் அவ்வாறே மாணவர்க்குச் சொல்லி வந்தேன். சட்டையிலிருந்த சொல் அந்தலூஸில் தலைக்கு ஏறிவிட்டது! அதனோடு நிற்கவுமில்லை. முயல் பிடிக்கும் கூம்பு வடிவ வலைக்கும் ஸ்பானியர் அப்பெயரையே இட்டனர். வாயில் வளைவுக்கும் அதனைச் சூழ்ந்த சதுரச் சட்டத்துக்கும் இடையே மூலையில் எஞ்சும் முக்கோணப் பரப்பையும் கட்டடக் கலைஞர் இன்றும் அல்பனேகா என்றே வழங்குகின்றனர். அல்ஹம்ரா மாளிகையில் கொடியும் பூவுமாகச் செதுக்கப்பட்டுக் கண்ணைக் கவர்வது அப்பரப்புத்தான்.

சொல் தங்கிவிட்டது, அதனைச் சொன்னவர்க்கோ இடமில்லாது போயிற்று. 1492இல் கர்னாத்தா வீழ்ந்தது. 1567இல் இரண்டாம் பிலிப்பு மன்னரின் ஆணை அந்நகரில் பறைசாற்றப்பட்டது. 3 ஆண்டுகளில் அரபுமொழி ஒழிய வேண்டும், பெண்கள் முகத்திரை நீக்க வேண்டும், பழைய உடை கூடாது, ஹம்மாம்களும் கூடா. பிரான்சிஸ்கோ நூன்யெஸ் முலே என்னும் முதியவர் இதனை எதிர்த்து விண்ணப்பம் எழுதினார். எங்கள் உடை மார்க்க உடையன்று, நாட்டுடையே. மற்ற மாகாணத்தார்க்கும் தத்தமக்கென உடை இல்லையா என்று வினவினார். கிழக்கு நாடுகளில் கிறிஸ்தவர்களும் அரபு பேசுவதை எடுத்துக்காட்டினார். இதனினும் தெளிவாக வாதிட இயலாது. ஆயினும் கேட்பாரில்லை. 1568இல் கிளர்ச்சி மூண்டது. 1609 முதல் 1614 வரை ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நாடு கடத்தப்பட்டனர்.

அவருள் பெரும்பாலோர் மக்ரிபுக் கரைகளில் ஒதுங்கினர். அங்கே அல்ஜியர்ஸ் நகரிலும் பனீக்கா என்னும் பெயர் வழங்கியது. ஆனால் அங்கு அது வலையைக் குறிக்கவில்லை. ஹம்மாமிலிருந்து வெளிவரும் பெண்கள் ஈரக்கூந்தலைச் சுற்றிக்கொள்ளும் மெல்லிய துணி அது. தலைப்பக்கம் குல்லாய்போல் தைத்து, இரு நீண்ட தலைப்புகளைத் தொங்கவிட்டு, பட்டுநூலால் பூவேலை செய்திருப்பர். தலை துவட்டும் துணிக்கு இத்துணை வேலைப்பாடா என வியக்கத் தோன்றும்! அப்பழைய பனீக்காக்கள் சில இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன.