சிதைவு என்று ஒதுக்கப்பட்ட சவ்வு

போலியோ வைரஸுக்குக் கொழுப்பு உறை கிடையாது. ஒரு புரத ஓடு, அதற்குள் ஓர் ஆர்.என்.ஏ. இழை, அவ்வளவுதான். ஆனாலும் அது புகுந்த செல்லுக்குள் சில மணி நேரத்தில் புதுச் சவ்வுக் குமிழ்கள் நிறைந்துவிடுகின்றன. சாமுவேல் டேல்ஸ், ஜார்ஜ் பலாடே முதலியோர் 1965-இல் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களோடு இதை வெளியிட்டார்கள். ஆய்வகத்தில் வளர்க்கப்படும் ஹீலா எனும் மனிதச் செல்களில் தொற்று கண்டதும் பாஸ்போலிப்பிட் எனும் சவ்வுக் கொழுப்பின் உற்பத்தி கூடுகிறது என்பதும் அந்தப் பத்தாண்டிலேயே தெரிந்துவிட்டது. ஆகவே, வைரஸ் செல்லின் சவ்வை மாற்றுகிறது என்பது நேற்றைய செய்தியல்ல. அந்தச் சவ்வு அதற்கு எதற்கு என்ற கேள்விக்குத்தான் விடை தாமதப்பட்டது. ஆய்வாளர்களின் கவனம் ஆர்.என்.ஏ. மீதும் அதைப் படியெடுக்கும் நொதி மீதும் குவிந்திருந்ததே இதற்குக் காரணம் என்பேன். தனக்குக் கொழுப்பு வேண்டாத வைரஸைச் சுற்றிக் குமிழ்களைக் கண்டால், சாகப்போகும் செல்லின் சிதைவு என்று ஒதுக்கிவிடுவது எளிது.

படத்தை வைத்துக்கொண்டு காரணம் சொல்லக் கூடாது, அன்றையவர்கள் காட்டியது நிதானம்தான் என்று மறுக்கலாம். பாதி நியாயம். ஆனால் 1970-ஐ ஒட்டியே கலிஜூரியும் டாமும் செல்லை உடைத்துச் சவ்வுகளை வகை பிரித்து, வைரஸின் புது ஆர்.என்.ஏ. அவற்றை ஒட்டியே உருவாகிறது என்று காட்டியிருந்தார்கள். 1980-களில் பாசெல் நகரில் பீன்ஸும் எக்கரும் விடாமல் குமிழ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்ப்பது மட்டும் போதவில்லை. 1990-இல் ஸ்பெயினில் கராஸ்கோவின் குழு, செருலெனின் என்ற பொருளால் கொழுப்பு உற்பத்தியைத் தடுத்தது. வைரஸின் ஆர்.என்.ஏ. பெருகுவதும் தடைபட்டது. சவ்வு சிதைவல்ல, பட்டறை என்பதற்கு இதைவிட நேரான சான்று அதுவரை இல்லை.

அடுத்த ஆண்டே எதிர்வாதம் ஒன்று எழ இடம் கிடைத்தது. மொல்லா, பால், விம்மர் மூவரும் முழுச் செல்லே இல்லாமல், செல் சாற்றிலேயே போலியோ வைரஸை உருவாக்கிவிட்டார்கள். அப்படியானால் சவ்வு எதற்கு? அந்தச் சாற்றிலும் சவ்வுத் துணுக்குகள் மிதந்தன என்பதே பதில். சவ்வைக் கரைக்கும் டிடர்ஜென்ட் சேர்த்தால் புரதம் உருவாவது தொடர்ந்தாலும் ஆர்.என்.ஏ. பெருகவில்லை என்று 1993-இல் அவர்களே காட்டினார்கள். 2010-இல், சவ்வுக் கொழுப்பை மாற்றும் செல்லின் சொந்த நொதி ஒன்றை வைரஸ் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது என்று ஆல்டன்-போனெட் குழு கண்டறிந்தது. அந்த நொதியைத் தடுக்கும் மருந்துகளைத் தேடும் முயற்சி நடக்கிறது. அதே நொதி செல்லுக்கும் வேண்டியதாக இருப்பதுதான் அதில் உள்ள சிக்கல்.