பிடித்தவர் யார்?

"போலீஸ் பிடிச்சிட்டுப் போயிட்டாங்க" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். பிடித்தவர் போலீஸ்தானா என்று கேட்பதில்லை. காட்டில் வன அதிகாரிக்கு 1927-ஆம் ஆண்டுச் சட்டமும், ரயில்வே பாதுகாப்புப் படைக்கு 1957-ஆம் ஆண்டுச் சட்டமும், சுங்க அதிகாரிக்கு 1962-ஆம் ஆண்டுச் சட்டமும் கைது அதிகாரம் தருகின்றன. ஏன், உங்களுக்கும் எனக்கும்கூட உண்டு. ஜாமீனில் விடமுடியாத கடுங்குற்றத்தைக் கண்ணெதிரே செய்பவரை எவரும் பிடிக்கலாம். ஆனால் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய நடைமுறைச் சட்டப்படி, ஆறு மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

யார் பிடித்தால் என்ன, எல்லாம் ஒண்ணுதானே? இல்லை. போலீஸ் அதிகாரியிடம் தந்த குற்ற ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது. இந்த விதி 1861-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் வந்து, 1872-இல் சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவாகி, இன்றைய சாட்சியச் சட்டத்திலும் தொடர்கிறது.

இதன் பின்னணியில் நம் சென்னை மாகாணத்துக்கும் ஓர் இடம் உண்டு என்பது என் கருத்து. 1816 முதல் அங்கே தாசில்தாரே போலீஸ் தலைவரும் ஆனார். வரி வாங்குகிற கையிலேயே தடியும் இருந்தது. 1854-இல் அமைந்த சித்திரவதை விசாரணைக் குழு மறு ஆண்டு தந்த அறிக்கை, விரல்களை நசுக்கும் கிட்டியையும், கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்துக் குனிய வைக்கும் அண்ணாந்தாளையும் பதிவு செய்தது. 1859-இல் சென்னைப் போலீஸ் சட்டம் போலீசைத் தனித்துறை ஆக்கியது.

அப்படிப் பிரித்ததைப் பின்னாளில் வேறு வழியில் சேர்த்துவிட்டோமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. வரித் துறைகளுக்கும் கைது அதிகாரம் வந்தது. 1960-களில் உச்ச நீதிமன்றம், சுங்க அதிகாரி போலீஸ் அல்லர் என்றது. புலனாய்வு அதிகாரம் பெற்ற பீகார் கலால் அதிகாரியோ போலீசே என்றது. ஒருவர் போட்ட அதே கையெழுத்து, எதிரே இருந்த அதிகாரியைப் பொறுத்துச் சாட்சியமானது அல்லது வெறும் காகிதமானது.

2020-இல் தூஃபான் சிங் – தமிழ்நாடு அரசு வழக்கில், போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி புலனாய்வு செய்பவரும் போலீஸ் அதிகாரியே என்று மூன்று நீதிபதிகளில் இருவர் தீர்ப்பளித்தனர். 2022-இல் அமலாக்கத் துறையினர் போலீஸ் அல்லர் என்று வேறொரு தீர்ப்பு வந்தது. ஆக, வழக்கு இன்னும் ஓயவில்லை.

துறை எதுவானாலும் அரசியல் சட்டத்தின் 22-ஆம் பிரிவு ஒன்றுதான். தடுப்புக்காவல் நீங்கலாக, கைதுக்குக் காரணம் சொல்லவேண்டும். வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விடவேண்டும். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும். புரியாத மொழியில் எழுதிய தாளை நீட்டி, "ஒரு கையெழுத்துதானே" என்பார்கள். பிற மாநிலத்தில் பிழைக்கும் நம் பிள்ளைகள் அப்போது கேட்கவேண்டிய முதல் கேள்வி: "ஐயா, நீங்க எந்தத் துறை? எந்தச் சட்டம்?"