சோற்றுத் தட்டும் துணைவேந்தர் நாற்காலியும்

துணைவேந்தர் என்றதும் நம் கண்முன் எழுவது என்ன? பட்டமளிப்பு மேடை, பகட்டான அங்கி, பாராட்டுரை! அந்த நாற்காலியின் கால்கள் எந்த மண்ணில் ஊன்றி நிற்கின்றன என்று எண்ணிப் பார்த்தோமா, தோழர்களே?

நாசரேத்தில் வாழும் நமக்கு எட்டையபுரம் அயலூரன்று. இதே தூத்துக்குடி மாவட்டத்தது. அங்கேதான் 1956-இல் முதலமைச்சர் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அப்போது பொதுக்கல்வி இயக்குநராக இருந்து, அதனை ஊர்தோறும் கொண்டு சேர்த்தவர் நெ. து. சுந்தரவடிவேலு. பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக அமர்ந்தவரும் அவரே!

1912-இல் காஞ்சிபுரம் பகுதியின் நெய்யாடுபாக்கத்தில் பிறந்தவர்; சுயமரியாதைக் கொள்கையை ஏட்டளவில் நிறுத்தாதவர். குஞ்சிதம் குருசாமியின் தங்கை காந்தம்மாளைச் சாதி கடந்து மணந்தார்.

அவர் இயக்குநரான காலத்தை மறவாதீர். அரைநேரம் பள்ளி, அரைநேரம் அப்பன் தொழில் என்னும் திட்டம் 1953-இல் வந்தது, நாடே கொதித்தெழுந்தது, 1954-இல் அது மாண்டது. திட்டம் மாண்டாலும் பசி மாளவில்லையே! பனையேறுவோன் மகனும் உப்பளத்தில் உழைப்போள் மகளும் காலி வயிற்றோடு எழுத்தை எப்படி எண்ணுவர்? சட்டம் திறந்துவிட்ட பள்ளிக் கதவைப் பசி சாத்திவிடுமன்றோ?

நீதிக்கட்சியினர் 1920-இலேயே சென்னை மாநகராட்சிப் பள்ளியில் உணவிட்டு வழிகாட்டினர். அவ்வழியை நாடெங்கும் நீட்ட, சுந்தரவடிவேலு ஊராரின் உள்ளத்தைத் தட்டினார். அரசு ஒரு பங்கு, ஊரார் ஒரு பங்கு என்று அடுப்பு எரிந்தது. பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் கரும்பலகையும் கட்டடமும் மக்களின் கொடையாய்க் குவிந்தன. கல்வி அரசின் பிச்சையன்று, ஊரின் உடைமை என்னும் உணர்வு பிறந்தது.

மருத்துவ மேதை இலட்சுமணசாமி 1942 முதல் 27 ஆண்டுகள் வீற்றிருந்த துணைவேந்தர் நாற்காலி, 1969-இல் சுந்தரவடிவேலுவிடம் வந்தது. 1975 வரை அதில் இருந்தார். தொடக்கப் பள்ளியின் திண்ணையை அறிந்தவர் உயர்கல்வியின் உச்சிக்கு ஏறினார். அடித்தளம் அறியாதவன் கோபுரத்தை எவ்வாறு காப்பான்?

1993-இல் அவர் மறைந்தார்; அடுப்பு அணையவில்லை. 1982-இல் சத்துணவாய் விரிந்தது. 2022-இல் காலை உணவாய் வளர்ந்தது.

இனி எந்தத் துணைவேந்தரையும் எடைபோடப் பட்டங்களை எண்ண வேண்டா. ஒன்றே கேட்போம்: உம் வாயிலுக்கு வராமலே வழியில் நின்றுவிட்ட பிள்ளையை நீர் அறிவீரா?