கொதிக்கும் கல்

கொற்கை முத்தைப் பற்றி எழுதாத சரித்திர ஆசிரியர் இல்லை. யவனர் கப்பலேறி வந்ததையும் பாண்டியர் செழித்ததையும் நாமும் அலுக்காமல் படிக்கிறோம். அதே கரையின் சமீப காலச் சரித்திரத்தைத்தான் யாரும் லட்சியம் செய்வதில்லை. தூத்துக்குடியில் கடைசியாக அரசினர் முத்துக்குளிப்பு நடத்தியது 1961-ல். 1974-ல் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாயிற்று. 1975-ல் ஸ்பிக் ஆலை அமோனியாவும் யூரியாவும் செய்யத் தொடங்கியது. 1979-க்கும் 1992-க்கும் இடையே அனல் மின் நிலையத்தில் 210 மெகாவாட் யூனிட்டுகள் ஐந்து எழுந்தன. சுருங்கச் சொன்னால், முத்து போய்ப் புகை வந்த கதை.

புகையில் கண்ணுக்குத் தெரிகிற கரியைவிடத் தெரியாத ஒன்று பொல்லாதது. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன், பரம சாது. ஆனால் எஞ்சினின் கடும் வெப்பத்தில் பிராணவாயுவோடு அதற்குச் சேர்க்கை ஏற்பட்டுவிட்டால் குணமே மாறிவிடும். அந்த நைட்ரஜன் ஆக்ஸைடுகள் நெஞ்சை அரிக்கும். அமில மழையாகவும் இறங்கும். இவற்றைத் திரும்பச் சாதுவாக்கும் மருந்து அமோனியா. இரண்டும் கலந்தால் நைட்ரஜனும் தண்ணீருமாக முடிந்துவிடும். ஆனால் லேசில் கலக்க மாட்டா. நடுவே ஒரு தரகர் வேண்டும். ரசாயனத்தில் அவருக்குக் கிரியா ஊக்கி என்று பெயர்.

அந்தத் தரகர் கிடைத்த கதை சுவையானது. 1756-ல் ஸ்வீடன் தேசத்துக் குரோன்ஸ்டெட் என்பவர் ஒரு கல்லைச் சூடாக்கினார். கல் கொதித்து நுரைத்தது! அதன் கண்ணறைகளில் நீர் தங்கியிருந்ததே காரணம். ‘கொதிக்கும் கல்’ என்று பொருள்பட ஸியோலைட் எனப் பெயரிட்டார். 1985-ல் அமெரிக்காவில் ஸ்டேஸி ஜோன்ஸ் இவ்வகைக் கல் ஒன்றைச் செயற்கையாகச் செய்து காப்புரிமை பெற்றார். மறு வருஷம் ஜப்பானில் இவாமோட்டோ, வேறொரு ஸியோலைட்டில் செம்பை ஏற்றி நைட்ரிக் ஆக்ஸைடைப் பிரித்துக் காட்டினார். இந்த இரண்டு வழிகளும் ஒன்று சேர இருபது ஆண்டுகளுக்கு மேல் சென்றன. மற்ற ஸியோலைட்டுகள் சூடான நீராவி பட்டு உளுத்துப்போயின. ஜோன்ஸின் கல்லிலோ வாசல்கள் மிகக் குறுகல். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கி, அதில் ஒரு கூற்றை எடுத்தால், அதிலும் ஐந்தில் இரண்டு பங்குதான். அமோனியா நுழையும், கல்லின் கட்டுக்கோப்பிலுள்ள அலுமினியம் தப்பி வெளியேற முடியாது. ஆகவே கல் நிலைக்கிறது. 2010 வாக்கில் செம்பேற்றிய இந்தக் கல் டீசல் வண்டிகளில் குடியேறிற்று.

நம் நாட்டில் 2020 ஏப்ரல் முதல் புது வண்டிகளுக்குக் கடுமையான சட்டம் வந்தது. துறைமுகத்துக்கு வரும் லாரிகளில் நீல மூடி போட்ட ஒரு சிறு தொட்டியைப் பார்க்கலாம். அதில் இருப்பது நூற்றுக்கு 32.5 பங்கு யூரியா கலந்த நீர். சூட்டில் அது அமோனியாவாகும். வயலுக்கு உரமான சரக்கே லாரிக்கு மருந்தாயிற்று! தொட்டி வற்றினால் எஞ்சின் தானே தன் வலுவைக் குறைத்துக்கொள்ளும். லாரிக்காரர் தப்ப முடியாது.

எனக்கு உறுத்துவது இங்கேதான். அவர் சரக்கு இறக்கும் கப்பலுக்கு இந்தக் கட்டாயம் வட அமெரிக்கக் கரை, வட கடல், பால்டிக் போன்ற இடங்களில் உண்டு. மன்னார் வளைகுடாவில் இல்லை. 2015-ம் வருஷத்து விதிப்படி, 2003-க்குப் பிறகு வந்த மின் நிலையங்களுக்குத்தான் கெடுபிடி அதிகம். அதற்கு முந்தியவை ஒரு கன மீட்டர் புகையில் 600 மில்லிகிராம் வரை விடலாம். 2017 முதல் வருபவைக்கு 100தான். கப்பல் எண்ணெயின் கந்தகம் செம்பைக் கெடுத்துவிடும் என்று சமாதானம் சொல்லலாம். உண்மைதான். ஆனால் கந்தகத்தைத் தாங்கும் வனேடியம் ஊக்கியை ஜப்பானியர் 1970-களிலேயே மின் நிலையங்களில் வைத்துவிட்டார்களே!

உப்பளத்தில் குனிந்து நிற்கிற பெண்ணுக்கு லாரிப் புகை எது, கப்பல் புகை எது என்று தெரியுமா? மூச்சு இரண்டையும் சேர்த்துத்தான் இழுக்கிறது. மருந்து கையில் இருக்கிறது. செய்யும் ஆலையும் அதே ஊரில் இருக்கிறது. அப்படியிருக்க, லாரிக்காரர் தலையில் மட்டும் மிளகாய் அரைத்துவிட்டு, காற்றைச் சுத்தம் செய்துவிட்டோம் என்று மார்தட்டுவது நியாயமாக எனக்குப் படவில்லை.