சர்ப்பகந்தி வேரும் இரத்தக் கொதிப்பும்

தில்லி மாநகரில் கரோல் பாக் என்னும் வட்டாரம் தமிழருக்குப் புதிதன்று. அலுவலின் பொருட்டுத் தென்னாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் பல தலைமுறைகளாக அங்கே வாழ்ந்து வருகின்றன. அவ்வட்டாரத்திலேயே திப்பியா கல்லூரி என்னும் பழைய வைத்தியக் கல்லூரி ஒன்று இருக்கிறது. ஆயுர்வேதமும் யூனானியும் ஓர் இடத்திலேயே கற்பிக்கப்பட வேண்டும் என்று விரும்பிய ஹக்கீம் அஜ்மல் கான் அதனை நிறுவினார். 1921ஆம் ஆண்டில் காந்தியடிகள் அதனைத் திறந்து வைத்தார். இரத்தக் கொதிப்பு என்று நாம் வழங்கும் உயர் இரத்த அழுத்த நோய்க்கு மருந்து கண்ட வரலாற்றில் ஒரு முக்கியமான படி அந்தக் கல்லூரியில்தான் எடுத்து வைக்கப்பட்டது. மற்றப் படிகள் கல்கத்தாவிலும், பம்பாயிலும், பின்னர் கடல் கடந்த நாடுகளிலும் நிகழ்ந்தன. அவ்வரலாற்றையே இப்பொழுது கூற முற்படுகின்றோம்.

கதையின் நாயகி ஒரு சிறு செடி. இமயத்தின் அடிவாரக் காடுகளிலும், அஸ்ஸாமிலும், நமது மேற்கு மலைத்தொடரின் சாரலிலும் முழங்கால் உயரத்துக்குச் சற்று மேலாக வளர்வது. வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த பூ. முற்றினால் கறுக்கும் காய். மிகக் கசப்பான வேர். சர்ப்பகந்தா என்ற பெயர் பழைய ஆயுர்வேத நூல்களில் காணப்படுகிறது. கீரிப்பிள்ளை நாகத்தோடு போர் புரியச் செல்லுமுன் இச்செடியைக் கடித்துச் செல்லும் என்பது நாட்டுப்புறக் கதை. கீரியின் வெற்றிக்குக் காரணம் இச்செடியன்று. பாம்புக் கடிக்கு இவ்வேர் மருந்தாகாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகின்றோம். பீகாரில் இதற்கு வழங்கிய பெயர்தான் நமது கருத்தைக் கவர்வது. அங்கே இதனைப் 'பாகல் கீ தவா', அதாவது பைத்தியத்துக்கு மருந்து, என்றே அழைத்தனர். வெறி கொண்டவரை இது அடக்கித் தூங்க வைக்கும் என்பதைக் கிராம வைத்தியர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

மேனாட்டுத் தாவர நூலார் இதற்கு ரௌவோல்ஃபியா என்று பெயரிட்டனர். பதினாறாம் நூற்றாண்டில் கீழ்த்திசை நாடுகளில் மூலிகை தேடிச் சுற்றிய லியோன்ஹார்ட் ரௌவோல்ஃப் என்னும் ஜெர்மானிய வைத்தியரின் நினைவாக இட்ட பெயர் அது. அவர் இந்தியாவுக்கு வந்தவரும் அல்லர்.

வேர் தொன்மையானது, ஆனால் அது இரத்தக் கொதிப்பைத் தணிக்கும் என்ற அறிவு தொன்மையானதன்று. நம் முன்னோர் எல்லாம் அறிந்திருந்தனர் என்று பெருமை பேசுவோர் இவ்விடத்தில் சற்று நிதானிக்க வேண்டும். நாடி பார்ப்பதில் நமது வைத்தியர்கள் வல்லவர்கள் என்பதில் ஐயமில்லை. எனினும் இரத்தக் குழாயினுள் இருக்கும் அழுத்தத்தை விரல் நுனியால் எண்ணிட்டுச் சொல்லுதல் இயலாது. இத்தாலிய மருத்துவர் ரிவா ரோச்சி 1896ஆம் ஆண்டில் கைப்பட்டையும் பாதரசக் குழாயும் கொண்ட கருவியை அமைத்தார். ருஷ்ய அறுவை மருத்துவர் கொரோட்கோஃப் 1905ஆம் ஆண்டில், பட்டைக்குக் கீழே ஒலிமானியை வைத்துக் கேட்கும் முறையைக் கண்டார். அதன் பின்னரே, தலைவலியோ மயக்கமோ ஏதுமின்றி நடமாடும் மனிதர் பலரிடத்தில் அழுத்தம் மிகுந்திருப்பது புலப்பட்டது.

புலப்பட்டும் பயனில்லை. அக்கால மருத்துவருள் பலர் அதனை நோயென்றே கருதவில்லை. வயது ஏறக் குழாய்கள் கெட்டிப்படுகின்றன. அவற்றினூடே இரத்தத்தைச் செலுத்த மிகுந்த அழுத்தம் தேவைப்படுகிறது. அதனைக் குறைத்தால் மூளையும் சிறுநீரகமும் வாடும் என்று அவர்கள் எண்ணினர். இவ்வெண்ணம் எத்துணைத் தீங்கானது என்பதற்கு ஒரு சான்று போதும். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டை 1944ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஓர் இருதய நிபுணர் சோதித்தபோது அழுத்தம் 186க்கு 108 இருந்தது. ஓய்வு, உப்புக் குறைந்த உணவு, சிகரெட்டைக் குறைத்தல், இருதயத்துக்கு டிஜிட்டாலிஸ் என்பவற்றைத் தவிர அவருக்குக் கொடுக்க வேறொன்றும் இல்லை. 1945 ஏப்ரல் 12ஆம் நாள் மூளையில் இரத்தம் கசிந்து அவர் மாண்டபோது அழுத்தம் 300க்கு 190 என்று பதிவாயிற்று. உலகத்தின் பெருவல்லரசை ஆண்டவரின் கதி அதுவானால் ஏனையோரைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

ஆனால் அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே இந்நாட்டில் வேலை தொடங்கிவிட்டது. ஜெர்மனியில் ரசாயனம் பயின்று மீண்ட சலீமுஸ்ஸமான் சித்திகி என்னும் இளைஞரைத் திப்பியா கல்லூரியில் ஓர் ஆராய்ச்சிக் கூடம் அமைக்குமாறு அஜ்மல் கான் அழைத்திருந்தார். கூடத்தின் பலனைக் காண ஹக்கீம் நெடுநாள் இருக்கவில்லை. 1927ஆம் ஆண்டின் இறுதியில் காலமானார். 1931ஆம் ஆண்டில் சித்திகி சர்ப்பகந்தி வேரிலிருந்து பளிங்கு வடிவான சில சத்துக்களைப் பிரித்தெடுத்து, அவற்றுள் ஒன்றுக்குத் தம்மை ஆதரித்த பெரியவரின் நினைவாக அஜ்மலின் என்று பெயரிட்டார். அது இரத்த அழுத்தத்துக்கு உரிய மருந்தாக நிலைக்கவில்லை; இருதயத் துடிப்பின் ஒழுங்கோடு தொடர்புடையதாகப் பின்னர் விளங்கியது. திடீர் மரணத்துக்குக் காரணமாகும் புருகாடா என்ற பரம்பரைக் கோளாறு மறைந்திருப்பதை வெளிப்படுத்த ஐரோப்பிய மருத்துவமனைகளில் அஜ்மலினை இன்றும் ஊசி வழியே செலுத்திப் பார்க்கிறார்கள்.

அதே 1931ஆம் ஆண்டில் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இருவர், இவ்வேரின் பொடியை மனநோயாளருக்குக் கொடுத்ததில் உறக்கத்தோடு இரத்த அழுத்தமும் தணிந்ததென்று எழுதினர். கிராம வைத்தியர் அறிந்த பழைய பயனைச் சோதிக்கப் புகுந்தவர்களுக்கு, கையில் அளவுகருவி இருந்தமையால் புதிய பயன் ஒன்று தென்பட்டது. இரண்டாண்டுகள் கழித்து, அந்நகரின் வெப்பமண்டல நோய்க் கல்விக்கூடத்தில் ராம்நாத் சோப்ராவும் அவர்தம் துணைவரும் இவ்வேரின் குணத்தை ஆராய்ந்து அதனை உறுதி செய்தனர். பிறகு நாடெங்கும் மருத்துவர்கள் இம்மருந்தை எழுதிக் கொடுத்தனர். ஆயினும் மேனாட்டார் செவியில் இது விழவில்லை. இந்திய சஞ்சிகைகளை அங்கே படிப்பார் அரியர்.

விழச் செய்தவர் பம்பாயின் இருதய நோய் நிபுணர் ரஸ்டம் ஜால் வக்கீல். பார்சி வகுப்பினர், 1911ஆம் ஆண்டில் பிறந்தவர், இங்கிலாந்தில் பயின்று திரும்பிக் கிங் எட்வர்ட் மருத்துவமனையில் பணியாற்றியவர். பல்லாண்டுகள் இவ்வேரைத் தம் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபின், ஐம்பது பேரின் விவரங்களைக் குறித்து 1949ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் இருதய சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அழுத்தம் மெதுவாக, வாரக்கணக்கில், பெரும்பாலோருக்குக் குறைகிறது என்பது அதன் சாரம். பாஸ்டன் நகரத்து மருத்துவர் ராபர்ட் வில்கின்ஸ் இச்செய்தியைக் கண்டு இந்தியாவிலிருந்து மருந்தை வரவழைத்துச் சோதித்து, வக்கீல் கூறியது மெய்யென்று 1952ஆம் ஆண்டில் அறிவித்தார். அவ்வாண்டிலேயே ஸ்விட்ஜர்லாந்தின் பாசல் நகரத்துச் சீபா கம்பெனியின் ரசாயனிகள் வேரின் மூலசத்தான ரெசர்பைனைப் பிரித்தெடுத்தனர். அடுத்த ஆண்டு அது மாத்திரையாகக் கடைக்கு வந்தது. வேரை வெட்டிக் கொடுத்தவர் நம் காட்டுவாசிகள். இலாபம் பாசலுக்குச் சென்றது. இதனை மனக்குறையாகச் சொல்வது தவறன்று. ஆயினும் வக்கீலின் உழைப்பை உலகம் மறக்கவில்லை. 1957ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லாஸ்கர் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது.

நரம்பின் நுனிகளில் சேமித்து வைக்கப்பட்டிருக்கும் நார் அட்ரினலின் என்ற பொருளை ரெசர்பைன் காலி செய்துவிடுகிறது. குழாய்களை இறுக்குமாறு கட்டளையிடும் பொருள் அது. கட்டளை ஓய்ந்ததும் குழாய்கள் தளர்கின்றன, அழுத்தம் இறங்குகிறது. மூளையிலும் அதே வேலை நடைபெறுவதால்தான் பீகார்க் கிராமத்தில் வெறி தணிந்தது. அதனாலேயே மருந்தை மிகுதியாக உண்ட சிலருக்கு மூக்கடைப்பும் மந்தமும், அவற்றினும் கொடியதாக, வாழ்வில் பற்றற்ற மனச்சோர்வும் வந்தன. ஒரே கத்தி இருபுறமும் அறுத்தது.

இந்த இடத்தில் வரலாற்றின் முக்கியமான வினா எழுகிறது. மானியில் எண் குறைந்தது, மெய்தான். ஆனால் எண் குறைந்ததனால் மனிதன் பிழைத்தானா? வக்கீலோ வில்கின்ஸோ இதற்கு விடை கூறவில்லை, கூறவும் இயலாது. ஐம்பது பேரைச் சில வாரம் கவனித்து உயிர்க்காப்பைப் பற்றிப் பேச முடியாது. அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஊரில் 1948ஆம் ஆண்டு முதல் 5,209 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு, அழுத்தம் மிக்கோர்க்கு மாரடைப்பும் பக்கவாதமும் மிகுதி என்று காட்டியது. ஆயின் மருந்தால் அதனைத் தடுக்கலாம் என்பதை அதுவும் காட்டவில்லை.

காட்டியவர் எட்வர்ட் ஃப்ரெய்ஸ். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கென அமைந்த மருத்துவமனைகள் பலவற்றை இணைத்து அவர் ஒரு சோதனை நடத்தினார். சிலருக்கு மருந்து, சிலருக்கு மருந்தைப் போலவே தோன்றும் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. மருந்து என்பது மூன்றின் சேர்க்கை. அவற்றுள் ஒன்று நமது வேரின் ரெசர்பைன். இன்னொரு நுட்பமும் செய்தனர். சோதனைக்குச் சேர்க்குமுன், ரிபோஃப்ளேவின் என்னும் வைட்டமின் கலந்த மாத்திரையைக் கொடுத்துச் சிறுநீரில் அதன் ஒளிர்வைக் கண்டனர். மாத்திரையை ஒழுங்காக விழுங்காதவர் அதில் அகப்பட்டனர். மருந்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உண்டதாகச் சொல்வோர் எந்நாட்டிலும் உண்டு போலும்.

கீழ் எண் 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்களைப் பற்றிய முடிவு 1967ஆம் ஆண்டில் வெளிவந்தது. வெறும் மாத்திரை உண்ட 70 பேரில் 27 பேருக்குக் கடும் விபரீதங்கள் நேர்ந்தன, நால்வர் மாண்டனர். மருந்துண்ட 73 பேரில் அவ்வாறு நேர்ந்தது இருவருக்கே, ஒருவரும் மாளவில்லை. அழுத்தம் அவ்வளவு மிகாத 380 பேரைப் பற்றிய முடிவு 1970ஆம் ஆண்டில் வந்தது. இரத்தக் கொதிப்பின் விளைவாக ஒரு பக்கத்தில் 19 பேர் இறக்க, மறுபக்கத்தில் 8 பேரே இறந்தனர். குறைத்தால் தீங்கு என்ற பழங்கொள்கை அத்துடன் வீழ்ந்தது. முதல் கட்டுரைக்கும் இந்தச் சான்றுக்கும் இடையே ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழிந்தன என்பதைக் கவனிக்க வேண்டும்.

பின்னர் ரெசர்பைனின் செல்வாக்கு குறைந்தது. 1974ஆம் ஆண்டில், அதனை உண்ணும் பெண்டிருக்கு மார்பகப் புற்று நோய் வருகிறதென்று ஓர் அச்சம் பரவியது. பிந்திய ஆய்வுகள் அதனைப் பெரிதும் மறுத்தன. எனினும் தொந்தரவு குறைந்த புதிய மருந்துகள் வந்துவிட்டமையால் மருத்துவர்கள் அதன்பால் திரும்பவில்லை.

ஃப்ரெய்ஸ் வகுத்த வழியிலேயே இன்றைய ஆராய்ச்சியும் செல்கின்றது. எவ்வளவு குறைக்கலாம் என்ற வினாவுக்கு, 2015ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 9,361 பேரைக் கொண்டு முடிந்த ஸ்ப்ரின்ட் என்ற சோதனை விடை தேடியது. மேல் எண்ணை 140க்குக் கீழ் கொணர்வதைவிட 120க்குக் கீழ் கொணர்ந்தவர்களிடையே இருதய விபரீதங்கள் கால்பங்கு குறைந்தன. ஆனால் தலைசுற்றி விழுதலும் சிறுநீரகக் கேடும் சற்று மிகுந்தன. ஆகவே எவருக்கு எந்த எல்லை என்பதை அவரவர் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். எந்த மருந்து இந்தியருக்கு ஏற்றது என்பதைக் காண, நம் நாட்டிலேயே 1,981 நோயாளிகளைக் கொண்டு நடந்த டாப்ஸ்பின் சோதனையின் முடிவு 2025ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இரண்டு மருந்துகளை ஒரே மாத்திரையில் சேர்த்துக் கொடுத்தால், சோதித்த மூன்று வகைச் சேர்க்கைகளும் ஏறக்குறைய ஒரே பலனைத் தருகின்றன என்று தெரிந்தது.

ஆகவே மருந்துக்குப் பஞ்சமில்லை. நோய்க்கும் பஞ்சமில்லை. நாடு முழுவதும் நடத்திய ஆய்வொன்றின்படி வயது வந்த இந்தியரில் நூற்றுக்கு 35 பேருக்கு மேல் இரத்தக் கொதிப்பு உள்ளது என்று 2023ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. அவருள் பலர் அதனை அறியார். அறிந்தவருள் பலர் மருந்தை நிறுத்திவிட்டவர். பிற மாநிலங்களில் வாழும் நம்மவருக்கு இதில் ஒரு தனித் தொல்லை உண்டு. மாற்றல் வந்து ஊர் மாறினால் மருத்துவர் மாறுகிறார். கோடை விடுமுறைக்கு ஊருக்குச் சென்றால் மாத்திரைப் பட்டை பெட்டியில் தங்கிவிடுகிறது. மொழி அறியாத மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டிக் கேட்க மனம் கூசுகிறது. ஒரு வலியும் இல்லையே என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது. ஊரிலிருந்து வந்த ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் உப்பின் அளவை உயர்த்துகின்றன. அவற்றை விடச் சொன்னால் யார் கேட்பார்? குறைக்கவாவது சொல்லலாம். மருந்தின் ரசாயனப் பெயரை ஒரு தாளில் எழுதிப் பணப்பையில் வைத்திருந்தால் எந்த மாநிலத்துக் கடையிலும் கேட்டுப் பெறலாம்; வணிகப் பெயர் இடத்துக்கு இடம் மாறுபடும். அரசினரின் இரத்தக் கொதிப்புக் கட்டுப்பாட்டுத் திட்டம் 2017ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அது பரவியுள்ள மாவட்டங்களில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே அழுத்தத்தைப் பார்த்து மருந்தும் இலவசமாகக் கொடுக்கிறார்கள்.

சர்ப்பகந்தியின் கதி என்னவாயிற்று என்று நேயர்கள் வினவலாம். வேரே மருந்தாதலால் பறித்த செடி மீள்வதில்லை. ஐம்பதுகளில் உலகத் தேவை எழுந்தபோது காடுகளில் கண்ட இடமெல்லாம் தோண்டினர். அழியும் உயிரினங்களின் வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தில் 1990ஆம் ஆண்டு முதல் இச்செடியும் சேர்க்கப்பட்டுள்ளது. ரெசர்பைன் தேவைப்படுவோர் இப்பொழுது பெரும்பாலும் இதன் ஆப்பிரிக்க இனத்தின் வேரிலிருந்தே அதனை எடுக்கிறார்கள்.