பாலைவனம் சுடுமா, குளிருமா?

கேள்வியே கிறுக்குத்தனமா இருக்குல்ல? எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. ஆனா 1970-களில் விஞ்ஞானிகள் இதுக்காக சீரியஸாவே மோதிக்கிட்டாங்க.

ஆரம்பம் ஒரு செயற்கைக்கோள் படம். 1972-ல் அமெரிக்கா ஏவிய லேண்ட்சாட்-1 எடுத்த படத்தில், சினாய்க்கும் நெகேவுக்கும் நடுவிலிருந்த எல்லைக்கோடு பளிச்சென்று தெரிந்தது. ஒரே மண்தான். ஆனால் சினாய்ப் பக்கம் ஆடுகள் மொட்டையடித்து வெளேரென்று கிடந்தது. நெகேவ் பக்கம் செடிகொடியால் கருத்திருந்தது. வெள்ளைத் தரை வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும், அதனால் மொட்டைத் தரைதான் குளிர்ச்சி என்று 1974-ல் எழுதினார் ஓட்டர்மன்.

அடுத்த வருஷம் எம்.ஐ.டி. பேராசிரியர் ஜூல் சார்னி அதை ஆப்பிரிக்காவின் சஹேலுக்குக் கொண்டுபோனார். தரை வெளுத்தால் வெப்பம் குறையும், காற்று மேலே எழும்பாமல் கீழே இறங்கும், மேகம் கட்டாது, மழை பெய்யாது. மழை இல்லாவிட்டால் தரை இன்னும் வெளுக்கும். 1960-களின் கடைசியில் தொடங்கிய சஹேல் வறட்சிக்கான பழி இப்படி ஆடுமாடு மேய்த்தவர்கள் தலையில் வந்து விழுந்தது.

அதே 1975-ல் அரிசோனாவிலிருந்து ஜாக்சன், இட்ஸோ என்ற ரெண்டு பேர், "நாங்க அளந்து பார்த்தோம், மொட்டைத் தரைதான்யா சுடுது" என்கிற மாதிரி மறுப்பு எழுதினார்கள். மே மாசம் மொட்டை மாடியில் செருப்பில்லாமல் நடந்த யாருக்கும் இது புரியும் :-) செடிக்கு வியர்க்கும், அந்த நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகும். செடி போனால் அந்த வசதியும் போச்சு.

1980-களின் கடைசியில் ராபர்ட் பாலிங் அமெரிக்க-மெக்சிகோ எல்லையில், சொனோரன் பாலைவனத்தில் ஒப்பிட்டார். மெக்சிகோ பக்கம் மேய்ச்சல் அதிகம், தரை வெளுப்பு. ஓட்டர்மன் கணக்குப்படி அங்கேதான் குளிர்ந்திருக்கணும். ஆனால் சூடு அதிகமாக இருந்ததே அங்கேதான்! மழை விட்டதும் அந்த மண் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. இழப்பதற்கு ஈரம் இருக்கிற இடத்தில், தரை வெளுப்பதால் வரும் குளிர்ச்சியை ஈரம் போவதால் வரும் சூடு தின்றுவிடும் என்றுதான் எனக்குப் படுகிறது. இதை வைத்து உலகம் மொத்தமும் சூடாவதற்குக் கணக்குச் சொல்லிவிட முடியாது. கடலும்தானே சேர்ந்து சூடாகிறது?

கடல் என்றதும் ஞாபகம் வருகிறது. 2003-ல் ஜியானினி, சரவணன், சாங் மூவரும் (நம்ம ஊர்ப் பேரைப் பார்த்ததும் ஒரு சின்ன சந்தோஷம்) கணினி மாதிரிக்குக் கடல்மட்ட வெப்பநிலையை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். சஹேல் வறட்சி அப்படியே வந்தது. முதல் குற்றவாளி கடல். நிலம் அதைப் பெரிதாக்கியது, அவ்வளவுதான்.

1980-களின் நடுவுக்குப் பிறகு சஹேலில் மழை ஓரளவு திரும்பியது, பல இடங்களில் பச்சையும் திரும்பியது. ஆடுமாடுகள் அங்கேயேதான் மேய்ந்துகொண்டிருந்தன.